70 லட்சமும் 11 கோடியும்: வேலூர் தேர்தல் ரத்தானதில் யாருக்குத் தண்டனை?

போன மாசம் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பேச்சு வந்தது. டீமில் புதுசா சேர்ந்த ஒரு தம்பி, "சார், ஓட்டுக்குக் காசு, கன்டெய்னர்ல பணம், இதெல்லாம் நம்ம ஊர்லதான். அமெரிக்காவுல சட்டம் ஸ்ட்ரிக்ட்" என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

நான் இருப்பது கணியம்பாடி. வேலூரிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் தெற்கே வந்தால் வரும் ஊர். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் அமிர்தி காடு, அதற்கு அப்பால் ஜவ்வாது மலை. இந்த ஊரைப் பற்றி வெளியில் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் வேலூர் தொகுதிக்கு இந்தியத் தேர்தல் வரலாற்றில் ஒரு இடம் கிடைத்திருக்கிறது. பணப் பட்டுவாடா காரணமாக ரத்தான முதல் மக்களவைத் தேர்தல் எங்களுடையதுதான். பெருமைப்படுகிற விஷயம் இல்லைதான், ஆனால் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

அன்று நடந்தது

2019 ஏப்ரல் 18 வியாழக்கிழமை தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. அதற்கு இரண்டு நாள் முன்னால், 16-ஆம் தேதி சாயங்காலம், பிரச்சாரம் முடிகிற நேரத்தில் வேலூர் தேர்தல் ரத்து என்று செய்தி வந்தது. தேர்தல் ஆணையம் பரிந்துரை செய்து, குடியரசுத் தலைவர் உத்தரவு போட்டிருந்தார். லீவ் போட்டு ஊருக்கு வந்தவர்கள், பெங்களூரிலிருந்து கிளம்பி பஸ்ஸில் பாதி வழியில் இருந்தவர்கள், எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் போனில் கூப்பிட்டு "நிஜமாவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

காரணம் தெரிந்ததுதான். மார்ச் கடைசியில் தி.மு.க. பொருளாளராக இருந்த துரைமுருகனின் காட்பாடி வீட்டிலும், குடும்பத்தினர் நடத்தும் கல்லூரியிலும் வருமான வரித்துறை சோதனை போட்டது. அவருடைய மகன் கதிர் ஆனந்த் அப்போது வேட்பாளர். ஏப்ரல் முதல் வாரத்துக்குள், கட்சிக்காரர் ஒருவருடன் தொடர்புடைய சிமெண்ட் குடோனில் கட்டுக்கட்டாகப் பணம் கிடைத்தது. தேர்தல் ஆணையம் சொன்ன தொகை சுமார் 11.48 கோடி. வார்டு விவரம் எழுதிய பொட்டலங்கள் இருந்ததாகவும் சொன்னார்கள். வேட்பாளர் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. இது அரசியல் பழிவாங்கல் என்றது. அந்த வழக்கில் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. நான் பார்க்க நினைப்பது வேறு: ஆணையம் எடுத்த அந்த முடிவு என்ன சாதித்தது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அப்போது மக்களவை வேட்பாளர் ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட செலவு 70 லட்சம். தொகுதியில் வாக்காளர்கள் சுமார் 14 லட்சம். ஒரு வாக்காளருக்கு 5 ரூபாய். ரோட்டோரக் கடையில் ஒரு டீ கூட வராது. பிடிபட்ட தொகையை அதே 14 லட்சத்தால் வகுத்தால் தலைக்கு சுமார் 82 ரூபாய். அதாவது ஒரே ஒரு குடோனில் கிடைத்தது, சட்டம் அனுமதித்த மொத்தச் செலவைப் போல 16 மடங்கு. நாம் காகிதத்தில் வைத்திருக்கும் வரம்புக்கும் தரையில் புழங்கும் பணத்துக்கும் உள்ள தூரம் இதுதான்.

ரத்து செய்தது சரி, பிறகு?

வேலூரில் மறுபடி தேர்தல் 2019 ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. யார் நின்றார்கள்? அதே கதிர் ஆனந்த். எதிரில் அ.தி.மு.க. கூட்டணியில் இரட்டை இலைச் சின்னத்தில் அதே ஏ.சி. சண்முகம். 9-ஆம் தேதி எண்ணினார்கள். கதிர் ஆனந்த் 8,141 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024-லும் அவர்தான் ஜெயித்தார்.

மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் ஆணையத்தின் முடிவைத் தர்க்கமாகப் பாருங்கள். பணம் பட்டுவாடா செய்ய ஒரு தரப்பு முயன்றது என்று நம்பித்தான் தேர்தலை ரத்து செய்தார்கள். அந்த நம்பிக்கை சரி என்றால், அந்தத் தரப்பு மறுபடி நிற்க எப்படி விட்டார்கள்? அந்த நம்பிக்கை தப்பு என்றால், தேர்தலை ஏன் நிறுத்தினார்கள்? ரெண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் கணக்கு இடிக்கிறது.

இன்னொரு விசித்திரம் உண்டு, இதைப் பலரும் மறந்துவிட்டார்கள். அதே ஏப்ரல் 18 அன்று தமிழ்நாட்டில் 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல். அதில் குடியாத்தமும் ஆம்பூரும் உண்டு. இரண்டுமே வேலூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறவை. அந்த இரண்டு இடைத்தேர்தலும் ரத்தாகவில்லை, திட்டமிட்டபடி நடந்தன. அதே ஊர், அதே வாக்காளர், அதே வாக்குச்சாவடி. எம்.பி.க்கு ஓட்டுப் போட்டால் பணத்தால் கெட்டுப்போன ஓட்டு, எம்.எல்.ஏ.வுக்குப் போட்டால் சுத்தமான ஓட்டு! எங்கள் தொழிலில் இப்படி ஒரு லாஜிக் எழுதினால் கோட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரி, தண்டனை யாருக்குத்தான் கிடைத்தது? 17-ஆவது மக்களவையின் முதல் கூட்டத்தொடர் 2019 ஜூன் 17-ல் தொடங்கி ஆகஸ்ட் 6-ல் முடிந்தது. எங்கள் முடிவு வந்தது 9-ஆம் தேதி. அந்தக் கூட்டத்தொடர் முழுவதும் வேலூருக்கு எம்.பி. கிடையாது. பட்ஜெட், தகவல் அறியும் உரிமைச் சட்டத் திருத்தம், முத்தலாக் மசோதா, கடைசியில் காஷ்மீர் 370 வரைக்கும் எல்லாம் அந்த ஏழு வாரத்தில் வந்து போனது. நாங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட ஆகஸ்ட் 5 அன்றுதான் மாநிலங்களவையில் 370 பற்றிய விவாதமே நடந்தது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வாழும் ஏராளமான முஸ்லிம் மக்களுக்கு முத்தலாக் மசோதா பற்றி ஒரு கருத்து இருந்திருக்கும், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. அதைச் சபையில் சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு மாதிரி மலைக் கிராமங்கள் ரோட்டுக்காக வருஷக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருந்தவை. அவர்கள் மனு கொடுக்கவும் அந்த மாசங்களில் எம்.பி. இல்லை.

ஆக, பணம் கொடுக்க முயன்றதாகச் சொல்லப்பட்டவர்களுக்குக் கிடைத்தது நாலு மாசத் தாமதம். பணத்தைக் கண்ணால் கூடப் பார்க்காத வாக்காளருக்குக் கிடைத்தது நாடாளுமன்றத்தில் காலி நாற்காலி.

இது வேலூருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் இதே காரணத்துக்காகத் தள்ளிவைக்கப்பட்டு, பிறகு ரத்தாகி, அந்த நவம்பரில் மறுபடி நடந்தன. இரண்டு இடத்திலும் இரண்டு பெரிய கட்சிகளும் அதே வேட்பாளர்களை மறுபடி நிறுத்தின. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், வாக்குப்பதிவுக்கு மூணு நாள் இருக்கும்போது ரத்தானது. சுமார் 89 கோடி பட்டுவாடா கணக்கு எழுதிய தாள்கள் சிக்கியதாக அப்போது சொல்லப்பட்டது. அந்த டிசம்பரில் மறுபடி நடந்தபோது முந்தைய முறை நின்ற டி.டி.வி. தினகரனே சுயேச்சையாக நின்று 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். மூணு வருஷத்தில் நாலு தொகுதி. ஒரு இடத்திலும் ரத்தின் காரணமாக ஒரு வேட்பாளர்கூடக் களத்திலிருந்து விலக்கப்படவில்லை. ஒரு மருந்தை நாலு தடவை கொடுத்து நாலு தடவையும் நோய் அப்படியே இருந்தால், மருந்தைப் பற்றிக் கேள்வி கேட்கத்தானே வேண்டும்?

ஆணையத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ல் வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய 58ஏ என்று தனிப் பிரிவு இருக்கிறது. பணப் பட்டுவாடாவுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. வேண்டும் என்று ஆணையம் மத்திய அரசிடம் கேட்டது, அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அரசியலமைப்பின் 324-ஆவது பிரிவு தரும் பொது அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஆணையம் சமாளிக்கிறது. கையில் சுத்தியல் மட்டும் இருப்பவரிடம் போய், திருகாணியை ஏன் அடித்தாய் என்று கேட்பதில் ஓரளவுக்குத்தான் அர்த்தம் உண்டு. திருப்புளியைக் கொடுக்க மறுத்தவர்களையும் சேர்த்துத்தான் கேட்கணும்.

1974 அக்டோபர்

இந்த ஓட்டை எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் போனபோது ஒரு ஆச்சரியமான விஷயம் கண்ணில் பட்டது. இந்தியாவும் அமெரிக்காவும் தேர்தல் பணம் பற்றித் தங்கள் பாதையைத் தீர்மானித்தது ஒரே மாசத்தில்.

1971 மக்களவைத் தேர்தலில் டெல்லி சதர் தொகுதியில் காங்கிரஸின் அமர்நாத் சாவ்லா ஜெயித்தார். தோற்ற கன்வர் லால் குப்தா, வரம்புக்கு மேல் செலவு செய்தார் என்று வழக்குப் போட்டார். அன்றைய வரம்பு அங்கே 10,000 ரூபாய். 'கூட்டம், போஸ்டர் எல்லாம் கட்சி செய்த செலவு, என் செலவு இல்லை' என்பது வேட்பாளரின் வாதம். 1974 அக்டோபர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேட்பாளருக்குத் தெரிந்து, அவர் பலனை ஏற்றுக்கொண்டு கட்சி செலவு செய்தால் அதுவும் அவர் கணக்கில்தான் வரும் என்று நீதிபதி பகவதி எழுதினார். தேர்தல் செல்லாது.

அந்தத் தீர்ப்பு நின்றிருந்தால் இந்திய அரசியலே வேறு மாதிரி போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அது ஒரு மாசம்கூட நிற்கவில்லை. அதே அக்டோபரிலேயே இந்திரா காந்தி அரசு அவசரச் சட்டம் போட்டது. கட்சியோ, நண்பர்களோ, ஆதரவாளர்களோ செய்யும் செலவு வேட்பாளரின் செலவாகக் கருதப்படாது என்று 77-ஆவது பிரிவில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். டிசம்பரில் அது சட்டமே ஆகிவிட்டது. 2003-ல் அந்த விளக்கத்தைக் கொஞ்சம் சுருக்கினார்கள். ஆனாலும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு இன்னும் வெளியேதான். அதைவிட முக்கியம், கட்சி என்ற அமைப்பு செய்யும் பொதுப் பிரச்சாரச் செலவுக்கு இன்றுவரை உச்சவரம்பே கிடையாது.

அதே 1974 அக்டோபர் நடுவில், வாட்டர்கேட் ஊழலின் சூட்டோடு, அமெரிக்க அதிபர் ஃபோர்டு தேர்தல் நிதிச் சட்டத் திருத்தத்தில் கையெழுத்துப் போட்டார். அது நன்கொடைக்கும் வரம்பு வைத்தது, செலவுக்கும் வரம்பு வைத்தது, மேற்பார்வைக்குக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தையும் உண்டாக்கியது. அங்கே ஓட்டை போட்டது நீதிமன்றம். 1976 ஜனவரியில் பக்லி வழக்கில், நன்கொடை வரம்பு சரி, செலவு வரம்பு செல்லாது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் செலவழிக்காமல் இன்றைக்குப் பேச்சை ஊருக்குக் கொண்டுபோக முடியாது, அதனால் செலவுக்கு வரம்பு போட்டால் அது பேச்சுரிமைக்கே வரம்பு என்பது வாதம்.

இங்கே நீதிமன்றம் மூடிய கதவை அரசு திறந்தது. அங்கே அரசு மூடிய கதவை நீதிமன்றம் திறந்தது. பணம் ரெண்டு ஊரிலும் உள்ளே வந்துவிட்டது.

அமெரிக்காவும் ஒன்றும் யோக்கியம் இல்லை

ஆபீஸ் தம்பிக்காக இந்தப் பகுதி. 1888 அதிபர் தேர்தலில் இண்டியானா மாநிலத்தில் ஒரு கடிதம் வெளியே கசிந்தது. எழுதியது குடியரசுக் கட்சித் தேசியக் குழுவின் பொருளாளர் டட்லி. எந்தப் பக்கமும் சாயாத வாக்காளர்களை ஐந்து ஐந்து பேராகப் பிரி, ஒவ்வொரு ஐந்து பேருக்கும் நம்பிக்கையான ஆள் ஒருத்தரைப் போடு, அவர் கையில் தேவையான பணத்தைக் கொடு என்பது அதன் சாரம். படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம்ம ஊர் பூத் கமிட்டி அமைப்பை அவர்கள் 130 வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்! டட்லிக்குத் தண்டனை கிடைக்கவில்லை. ஆனால் அந்த அசிங்கத்துக்கு அடுத்த வருஷமே இண்டியானா ரகசிய வாக்குச்சீட்டைக் கொண்டுவந்தது. வாங்கியவன் சொன்னபடி போட்டானா என்று பார்க்க முடியாது என்றால், காசு கொடுப்பவனுக்குத் தயக்கம் வரும் என்ற எண்ணம்.

1910-ல் ஒஹையோ மாநிலம் ஆடம்ஸ் கவுண்டியில் ஒரு நீதிபதி இன்னும் தீவிரமாக இறங்கினார். ஓட்டுக்குக் காசு வாங்கியதாகச் சுமார் 1,700 பேருக்குத் தண்டனை. அந்தக் கவுண்டியின் வாக்காளர்களில் நாலில் ஒருத்தர். பலருக்கு ஐந்து வருஷம் வாக்குரிமை போனது. வாங்குகிறவனைத் தண்டித்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் அந்த எண்ணிக்கையை யோசித்துப் பார்க்கணும்.

சமீபத்துக்கு வருவோம். 2010-ல் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு, கம்பெனிகளும் சங்கங்களும் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம் என்றது. அதைத் தொடர்ந்து சூப்பர் பேக் என்ற அமைப்புகள் முளைத்தன. ஒரு சாதாரண ஆள் வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்க 2024 தேர்தலில் வரம்பு 3,300 டாலர். சூப்பர் பேக்குக்குக் கொடுக்க வரம்பே இல்லை. 2024 அக்டோபரில் எலான் மஸ்கின் அமெரிக்கா பேக், போட்டி கடுமையான மாநிலங்களில் ஒரு மனுவில் கையெழுத்துப் போடும் பதிவு செய்த வாக்காளர்களில் தினமும் ஒருத்தருக்கு 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. ஓட்டுப் போடவோ பதிவு செய்யவோ காசு கொடுப்பது அங்கே குற்றம். 'நாங்கள் ஓட்டுக்குத் தரவில்லை, கையெழுத்துக்குத் தருகிறோம்' என்றார்கள். பென்சில்வேனியா நீதிமன்றத்தில் அதிர்ஷ்டசாலிகள் குலுக்கலில் தேர்வாகவில்லை, முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று அவர்கள் வக்கீலே ஒப்புக்கொண்டார். ஆனாலும் நீதிபதி தடை விதிக்கவில்லை. நம்ம ஊரில் கவரில் வருவது அங்கே காசோலையாக வந்தது, அவ்வளவுதான்.

அவர்களுடைய தேர்தல் ஆணையமும் பல் இல்லாததுதான். ஆறு உறுப்பினர்கள், ஒரே கட்சியிலிருந்து மூணு பேருக்கு மேல் கூடாது, எந்த நடவடிக்கைக்கும் நாலு ஓட்டு வேண்டும். முக்கியமான வழக்குகளில் மூணுக்கு மூணு என்று முட்டிக்கொண்டு நிற்பது வழக்கம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிட மேல். ஒரு வேட்பாளருக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயர், ஊர், தொழில், வேலை செய்யும் இடம், தேதி, தொகை எல்லாம் அந்த ஆணையத்தின் தளத்தில் தேடக்கூடிய வடிவில் இருக்கிறது. நன்கொடையாளரை மறைக்கும் அமைப்புகள் வழியாக வரும் 'இருட்டுப் பணம்' தனி; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணியம்பாடியில் உட்கார்ந்துகொண்டு ராத்திரி பத்து மணிக்கு, முகம் தெரியாத ஒரு அமெரிக்க செனட்டருக்கு யார் யார் பணம் கொடுத்தார்கள் என்று என்னால் பார்க்க முடிகிறது. என் எம்.பி.யின் தேர்தல் செலவுக் கணக்கைப் பார்க்கப் போனால் கையால் எழுதி ஸ்கேன் செய்த பிடிஎஃப். தேட முடியாது, கூட்டிப் பார்க்க முடியாது.

எதை அளக்கிறோம்?

நம்ம ஊரில் அளப்பதே இல்லை என்று சொல்ல முடியாது. நிறைய அளக்கிறோம். டீ எவ்வளவு, பிரியாணி எவ்வளவு, நாற்காலி வாடகை எவ்வளவு, சால்வை எவ்வளவு என்று மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியலே போடுகிறார். செலவினப் பார்வையாளர், பறக்கும் படை, வீடியோக் குழு, நிழல் பதிவேடு எல்லாம் உண்டு. தலைவர் வந்த மேடையில் வேட்பாளர் நின்றால், அவர் பேர் சொன்னால், படம் இருந்தால் கூட்டச் செலவில் பங்கு அவர் கணக்கில் ஏறும். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் ரசீது காட்டணும்.

அந்தக் கடைசி விதி எங்கள் பக்கத்தில் யாரைப் பிடிக்கிறது என்று நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மாடு வாங்கி விற்பவர். ஒரு தேர்தல் சமயத்தில் சந்தையிலிருந்து ரெண்டு மாட்டை விற்ற காசோடு வந்தவரை ரோட்டில் நிறுத்தினார்கள். மாட்டுச் சந்தையில் யார் ரசீது கொடுக்கிறார்கள்? பணத்தை எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பக் கிடைத்தது, ஆனால் அதற்குள் எத்தனை நடை. நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். "தம்பி, கோடி கோடியா போறவன் இந்த ரோட்டுல வருவானா?" என்று கேட்டார். அந்தக் குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்குக் கொடுத்த வேலையைத்தான் செய்தார்கள். வேலையே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. முன்வாசலில் பூட்டு மேல் பூட்டுப் போட்டுவிட்டு, பின்பக்கச் சுவரே இல்லாமல் வைத்திருக்கும் வீடு.

பின்பக்கச் சுவர் இல்லாததற்கு நல்ல உதாரணம் தேர்தல் பத்திரம். 2018-லிருந்து ஆறு வருஷம், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று வாக்காளருக்குத் தெரியாமல் கம்பெனிகள் கட்சிகளுக்குக் கொடுத்தன. 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, விவரத்தை வெளியிடச் சொன்னது. ஸ்டேட் வங்கி முதலில் வாங்கியவர் பட்டியலைத் தனியாகவும் கட்சிகள் பட்டியலைத் தனியாகவும் கொடுத்தது. ரெண்டையும் இணைக்கும் எண் இல்லை. நீதிமன்றம் மறுபடி அதட்டிய பிறகுதான் பத்திர எண்கள் வந்தன. அன்று ராத்திரி நானும் ரெண்டு பட்டியலையும் இறக்கிச் சேர்த்துப் பார்த்தேன். எங்கள் தொழிலில் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிட வேலையை ஆறு வருஷம் நாட்டுக்கு மறைத்து வைத்திருந்தார்கள்.

வெளியான காலத்துக்கான கணக்கில் பா.ஜ.க.வுக்கு 6,000 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் தி.மு.க.வுக்கு 656.5 கோடி, அதில் 509 கோடி லாட்டரி தொழிலதிபர் மார்ட்டினின் ஃப்யூச்சர் கேமிங் கம்பெனியிடமிருந்து. தன் நன்கொடையாளர் பெயரைத் தானாகவே சொன்ன சில கட்சிகளில் தி.மு.க. ஒன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லணும். ஆனால் பாருங்கள், லாட்டரி தடை செய்யப்பட்ட மாநிலத்தின் கட்சிக்கு லாட்டரிப் பணம் 509 கோடி முழுக்கச் சட்டப்படியே வந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பெரியவரின் மாட்டுக் காசு சந்தேகத்துக்குரியது!

கவர்

இனிச் சொல்லப்போவதை எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். ஒரு தேர்தலில் எங்கள் வீட்டுக்கும் கவர் வந்தது. எந்தக் கட்சி, எந்த வருஷம் என்பது வேண்டாம். நான் பெங்களூரில் இருந்தேன். அம்மா வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். வந்ததும் சண்டை போட்டேன். "சட்டப்படி வாங்கறதும் குத்தம்மா, ஒரு வருஷம் ஜெயில்" என்றேன். அம்மா பதட்டப்படவே இல்லை. "தெருவே வாங்குது. நான் மட்டும் வேணாம்னா, நாம எதிர்க்கட்சின்னு எழுதிக்குவான். நாளைக்கு முதியோர் பென்ஷனுக்கு உங்க சித்தி யார்கிட்ட போய் நிக்கறது?" என்றார்.

அதுவரைக்கும் நான் இதை ஆசையின் கணக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னது பயத்தின் கணக்கு. வாங்குகிறவர் பெயர் ஒரு நோட்டில் ஏறுகிறது, வாங்காதவர் பெயரும் ஏறுகிறது. சட்டப்படி கிடைக்க வேண்டிய பென்ஷனுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் கட்சிக்காரரைப் பிடிக்க வேண்டிய நிலை இருக்கும்வரை, அந்தக் கவரை மறுப்பது ஒரு ஏழைக்குச் செலவு பிடித்த காரியம். எனக்கு மாசச் சம்பளம் வருகிறது, அதனால் நான் கொள்கை பேசலாம். இதைச் சொல்லிப் பழக்கத்தை நியாயப்படுத்த வரவில்லை. 'மக்கள் திருந்தணும்' என்று முடிக்கும் கட்டுரைகள் எந்த இடத்தில் தப்புகின்றன என்று காட்டத்தான் சொல்கிறேன்.

என்னதான் செய்யலாம்?

எனக்குத் தோன்றுவது மூன்று.

ஒன்று, கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு. 1974-ல் அவசரச் சட்டத்தால் திறந்த கதவைச் சட்டத்தால்தான் மூட முடியும். வேட்பாளருக்கு மட்டும் வரம்பு வைப்பதும், தம்பி சாப்பிடக் கூடாது அண்ணன் சாப்பிடலாம் என்று ஒரே தட்டை முன்னால் வைப்பதும் ஒன்றுதான். இன்றைக்கு மக்களவை வரம்பு 95 லட்சம். அதை 2 கோடி ஆக்கினாலும் கட்சிப் பக்கம் திறந்திருக்கும்வரை அது வெறும் எண்.

இரண்டு, கணக்கைத் தேடக்கூடிய வடிவில் வெளியிடுவது. இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம் என்று நினைக்கிறேன். வேட்பாளர் முடிவு வந்த 30 நாளில் கணக்குக் கொடுக்கிறார், கட்சி மக்களவைத் தேர்தலுக்கு 90 நாளில் கொடுக்கிறது. அதை ஸ்கேனாக வாங்காமல் அட்டவணையாக வாங்கி அப்படியே தளத்தில் போட்டால் போதும். மீதியை என்னை மாதிரி வேலையற்ற வேலைக்காரர்கள் பார்த்துக்கொள்வோம்.

மூன்று, ரத்துக்குப் பதிலாக வேட்பாளர்மேல் வேகமான விசாரணை. தேர்தல் வழக்கை ஆறு மாசத்தில் முடிக்க முயற்சி செய்யணும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நடப்பது வேறு, பல வழக்குகளில் தீர்ப்பு வருவதற்குள் பதவிக்காலமே முடிந்துவிடுகிறது. பணப் பட்டுவாடா வழக்குகளுக்கு மட்டுமாவது உயர் நீதிமன்றத்தில் தினசரி விசாரணை வைத்து, நிரூபணமானால் அந்த வேட்பாளரை நீக்கணும்.

மூன்றாவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. சோதனை போடும் வருமான வரித்துறை மத்திய அரசின் கையில். 2019-ல் 'எங்கள் பக்கம் மட்டும் ஏன் சோதனை?' என்று தி.மு.க. கேட்டது, அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தேர்தல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் 2023 சட்டப்படி பிரதமரும் ஒரு அமைச்சரும் சேர்ந்து இரண்டு பேர், எதிர்க்கட்சித் தலைவர் ஒருத்தர். அந்த மாதிரி அமைப்பின் கையில் வேட்பாளரை நீக்கும் அதிகாரத்தை நேரடியாகக் கொடுத்தால், நாளைக்கு ஆளும் கட்சிக்குப் பிடிக்காதவர் வீட்டுக்கெல்லாம் சோதனை வரும். அதனால்தான் நீதிமன்றம் என்கிறேன். மெதுவாக நடக்கும் நீதிமன்றத்தை வேகப்படுத்துவது, வேகமாக நடக்கும் அதிகாரியை நம்புவதைவிடப் பாதுகாப்பு.

ஆபீஸ் தம்பிக்கு என் பதில் இதுதான்: அமெரிக்காவில் பணம் வெளிச்சத்தில் விளையாடுகிறது, இங்கே இருட்டில் விளையாடுகிறது. வெளிச்சத்தில் விளையாடினால் நின்றுவிடும் என்று இல்லை. ஆனால் யார் விளையாடுகிறார் என்றாவது தெரியும்.

2019 ஏப்ரல் 18 காலையில் அம்மா வழக்கம்போலக் குளித்து, நல்ல புடவை கட்டி, வாக்காளர் அட்டையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ரத்து என்று முந்தாநாளே சொல்லியிருந்தேன். "நிஜமாவே இல்லையா? டிவில எல்லா ஊர்லயும் போடறாங்களே" என்றார். இல்லம்மா என்றேன். "நாம என்ன தப்பு பண்ணோம்?" என்று கேட்டார். ஆணையத்தின் உத்தரவில் நான் தேடியதும் அந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.